உங்க கை ராசி நல்லாத்தான் இருக்கு: சென்னை ஃப்ளாட்டில் சக்குலண்ட் வளர்ப்பது

(எபிசோடின் எழுத்து வடிவம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசியது பேசிய மாதிரியே.)

நம்ம ஊர்ல நிறைய கடை வாசல்ல, வீட்டு நிலைக்கு மேல, ஒரு சோற்றுக்கற்றாழையைக் கயித்துல கட்டித் தலைகீழா தொங்க விட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. திருஷ்டிக்காக. அதுக்கு மண்ணு கிடையாது, தண்ணி கிடையாது, வேர் அந்தரத்துல நிக்கும். ஆனா மாசக்கணக்கா உயிரோட இருக்கும். சிலது அந்த நிலைமையிலயும் மேல்நோக்கி வளைஞ்சு புது இலை விடும்.

அந்தக் கற்றாழையோட ஒண்ணுவிட்ட சொந்தம் ஹவொர்த்தியா. ரெண்டும் ஒரே குடும்பம். அதை 300 ரூபா கொடுத்து வாங்கி, அழகான பீங்கான் கப்புல வச்சு, வாராவாரம் மறக்காம தண்ணி ஊத்தி, ஏசி ரூம்ல மேசை மேல வச்சுப் பார்த்துக்கிட்டா ரெண்டே மாசத்துல அழுகிப் போயிடுது. ஒண்ணு யாருமே கவனிக்காம பிழைக்குது, இன்னொண்ணு கவனிச்சே சாகுது. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

இதைப் பேசணும்னு தோணினதுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஃப்ளாட்ல இருக்கிற நேயர். ரெண்டு வருஷத்துல ஒன்பது சக்குலண்ட் வாங்கியிருக்காங்க, ஒன்பதும் போச்சு. "உனக்குக் கை ராசி இல்லடி, விட்டுடு"ன்னு அம்மா சொல்லிட்டாங்களாம். அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் பேசுறாங்க. அப்புறம் குரல் மாறுது. பத்தாவதா ஒண்ணு இருக்கு. அது வாங்கினது இல்ல. அவங்க தாத்தா வீட்டு மொட்டை மாடியில இருந்த ஜேட் செடியோட கிளை. தாத்தா இல்ல, வீட்டை வித்தாச்சு, இடிச்சும் ஆச்சு. அந்தச் செடியில மிச்சம் இருக்கிறது இந்த ஒரு தொட்டிதான். இப்ப அதோட இலை சுருங்குது. அவங்க கேட்டது ஒரே கேள்வி: தண்ணி ஊத்தவா, வேண்டாமா?

இதுக்கு நான் உடனே பதில் சொல்லல. ஏன்னு சொல்ல கொஞ்சம் அடிப்படைக்குப் போகணும். போர் அடிக்காது, கதையே நம்ம ஊர்ப் பக்கத்துலதான் ஆரம்பிக்குது.

பெஞ்சமின் ஹெய்ன்னு ஒரு ஜெர்மன்காரர். மிஷனரியா தரங்கம்பாடிக்கு வந்து, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பார்த்தவர். அவர் தோட்டத்துல ரணகள்ளி இருந்துச்சு. இலையை மண்ணுல போட்டா ஓரத்துல வரிசையா குட்டிச் செடி முளைக்குமே, அதேதான். (மயிலிறகை நோட்டுக்குள்ள வச்சா குட்டி போடும்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க, கடைசி வரைக்கும் போடாது. ரணகள்ளி இலையை வச்சா நிஜமாவே போடும்.) ஹெய்ன் அந்த இலையை மென்னு பார்த்திருக்கார். காலையில நல்ல புளிப்பு. மதியம் சுவையே இல்ல. சாயங்காலம் லேசாக் கசப்பு. அதே செடி, அதே இலை. இதை 1813-ல லண்டன் லின்னியன் சொசைட்டிக்குக் கடிதமா எழுதினார்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் மாலிக் ஆசிட். சாதாரணச் செடி பகல்ல இலைத்துளையைத் திறந்து வச்சு கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். துளை திறந்திருந்தா தண்ணியும் ஆவியாப் போகும். பாலைவனத்துல அது கட்டுப்படியாகாது. அதனால இந்தச் செடிங்க பகல்ல கதவைச் சாத்திடும். ராத்திரி வெப்பம் குறைஞ்ச நேரத்துல திறந்து, காத்தை உள்ள இழுத்து, ஆசிட்டா மாத்தி ஸ்டாக் வச்சுக்கும். மறுநாள் வெளிச்சம் வந்ததும் கதவை மூடிக்கிட்டு, அந்த ஸ்டாக்கை எடுத்துச் சமைக்கும். விடிகாலையில ஸ்டாக் ஃபுல், அதான் புளிப்பு. இந்த முறைக்கு கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்னு பேரு, சுருக்கமா கேம். கிராசுலேசியே என்கிற ரணகள்ளி, ஜேட் குடும்பத்தோட பேர்ல இருந்து வந்தது. அன்னாசியும் நம்ம பிரண்டையும் கூட இதே ஆளுங்கதான்.

நீங்க ஹெய்ன் மாதிரி மென்னு பார்க்க வேண்டாம், ரணகள்ளி வகைகள்ல இதயத்தைப் பாதிக்கிற நச்சு இருக்கு. பிஹெச் பேப்பர் வாங்கி, காலை ஆறு மணிக்கு ஒரு இலைச்சாறு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு இலைச்சாறு வச்சுப் பாருங்க. நிறம் மாறும். வீட்டுல குழந்தைங்க இருந்தா சூப்பர் சயின்ஸ் ப்ராஜெக்ட்.

சரி, இதுக்கும் வாய்ஸ் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்? இது ரொம்ப ஸ்லோவான சிஸ்டம். தண்ணியைச் சேர்த்து வச்சு மெதுவா செலவு பண்ற செடி, நீங்க செய்யுற எதுக்கும் உடனே பதில் சொல்லாது. துளசிக்குத் தண்ணி ஊத்த மறந்தா சாயங்காலமே தலையைத் தொங்கப் போட்டுடும், ஊத்தினா ஒரு மணி நேரத்துல நிமிரும். ஃபீட்பேக் உடனே கிடைக்குது, நீங்களும் கத்துக்கிறீங்க. சக்குலண்ட்ல நீங்க இன்னைக்கு பண்ணதோட விளைவு மூணு, நாலு வாரம் கழிச்சுத் தெரியும். ப்ரொடக்‌ஷன்ல ஒரு பக் போயிருக்கு, ஆனா லாக் ஒரு மாசம் லேட்டா வருதுன்னு வச்சுக்கோங்க. எந்த டெவலப்பரும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதை விட்டுட்டு கை ராசின்னு சொல்றது எனக்கு நியாயமாப் படல.

இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. தண்ணி போதாம போனாலும் இலை சுருங்கும், தண்ணி அதிகமானாலும் இலை சுருங்கும். எரர் மெசேஜ் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எப்படின்னா, வேருக்கும் மூச்சு விட ஆக்சிஜன் வேணும். மண்ணுல இருக்கிற இடைவெளி எல்லாத்துலயும் தண்ணி நின்னா காத்து இல்ல. வேர் மூச்சுத் திணறி சாகும், செத்த வேர்ல பூஞ்சை மாதிரியான கிருமிங்க ஏறும். வேர் போனதும் செடியால தண்ணியை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைய தண்ணி இருக்கும், மேல செடி தாகத்துல சுருங்கும். நாம பார்த்துட்டு, ஐயோ காயுதேன்னு இன்னொரு டம்ளர் ஊத்துவோம். நம்ம ஊர்ல இந்தச் செடிங்க சாகறதுல பெரும்பாலானது இந்த ஒரு லூப்லதான்னு நான் நினைக்கிறேன்.

அதனால இலை சுருங்கினா முதல்ல சொம்பை எடுக்காதீங்க. இலையைத் தொடுங்க. தாகத்துல சுருங்கின இலை மெல்லிசா, கசங்கின துணி மாதிரி இருக்கும், ஆனா தண்டை விட்டு லேசுல வராது. அடி இலை மட்டும் சருகாக் காய்ஞ்சிருக்கும். அழுகல்ல சுருங்கினதுன்னா இலை மஞ்சளா, கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற பதத்துல இருக்கும், விரல் பட்டாலே விழும். தண்டோட அடியை அமுக்கிப் பாருங்க. மெத்துனு இருந்தா, கறுத்திருந்தா, சந்தேகமே வேண்டாம்.

அந்த நேயரை இதைத்தான் பார்க்கச் சொன்னேன். ஃபோட்டோ அனுப்பினாங்க. இலை மஞ்சள், அடித்தண்டு கறுப்பு. செடியைத் தொட்டியில இருந்து எடுத்துப் பார்த்தா வேர் பழுப்பா, வழவழன்னு. அழுகிடுச்சு. தண்டைக் குறுக்கே வெட்டச் சொன்னேன். வெட்டின இடத்துல நடுவுல பழுப்பு வட்டம் தெரிஞ்சா இன்னும் மேல, இன்னும் மேல, சுத்தமா வெளிர் பச்சை வர்ற வரைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்ல துடைக்கணும். "தாத்தா செடியைக் கூறு போடுற மாதிரி இருக்கு"ன்னு மெசேஜ் வந்துச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா வேற வழி இல்ல. அழுகல் தண்டு வழியா மேல ஏறிக்கிட்டே இருக்கும்.

கடைசியில மூணு துண்டு தேறிச்சு. அதை உடனே நடக்கூடாது. வெட்டுக்காயம் காயணும். நியூஸ்பேப்பர் மேல, நிழல்ல, ஒரு வாரம் சும்மா போடணும். அந்த ஒரு வாரம் அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு, செடியை மேசையில போட்டுட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கிறது. ஆனா கடை வாசல் கற்றாழையை நினைச்சுக்கோங்க, தண்ணி ஸ்டாக் இலையிலயே இருக்கு. காய்ஞ்ச பிறகு உலர்ந்த கலவையில நட்டு, இன்னும் ஒரு வாரம் கழிச்சுத்தான் முதல் தண்ணி. மூணுல ஒண்ணு அழுகிடுச்சு. ரெண்டு வேர் பிடிச்சிருச்சு. ஒண்ணைத் தம்பி வீட்டுல கொடுத்து வச்சிருக்காங்க. ஆஃப்சைட் பேக்கப். இதை எல்லாருக்கும் சிபாரிசு பண்றேன். மனசுக்கு நெருக்கமான செடின்னா ஒரே தொட்டியில வச்சிருக்காதீங்க, ஒரு கிளை ஒடிச்சு வேற வீட்டுல வளரட்டும்.

இப்ப மண்ணுக்கு வருவோம். எல்லா வீடியோவுலயும் "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துங்க"ன்னு வருது. அது க்ரான் ஜாப். இந்தச் செடிக்கு க்ரான் ஜாப் சரிப்படாது, ஈவெண்ட் ட்ரிகர்தான் வேணும். ஈவெண்ட் என்னன்னா, மண் அடி வரைக்கும் காய்ஞ்சிருக்கணும். மேல் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறது பத்தாது, மேல காய்ஞ்சு அடியில சகதியா இருக்கும். வீட்டுல தென்னந்துடைப்பம் இருந்தா ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டி அடி வரைக்கும் குத்தி, பத்து நிமிஷம் விட்டு எடுங்க. ஈரமா, மண் ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் வேண்டாம். சுத்தமா வந்தா ஊத்துங்க. ஊத்தும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடி ஓட்டை வழியா வழியுற வரைக்கும் ஊத்துங்க, தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. ஸ்பூன் ஸ்பூனா ஊத்துறது, ஸ்ப்ரே அடிக்கிறது ரெண்டும் உதவாது.

நான் பண்றது இன்னும் கொஞ்சம் ஓவர். சமையலறைத் தராசுல தொட்டியை வைப்பேன். என்கிட்ட ஒரு 4 இஞ்ச் மண் தொட்டி இருக்கு, தண்ணி ஊத்தி வடிஞ்சதும் 870 கிராம், நல்லாக் காய்ஞ்சா 750. ஸ்ப்ரெட்ஷீட் வச்சிருக்கேன், சிரிக்காதீங்க. 870-ல இருந்து 750-க்கு வர ஏப்ரல்ல நாலு நாள் ஆச்சு. ஜனவரியில ஒன்பது நாள். நவம்பர் மழையில, பால்கனியில இருந்து உள்ள எடுத்து வச்சப்போ பதினாறு நாள். ஒரே செடி, ஒரே தொட்டி, ஒரே ஆள். இதுல "வாரத்துக்கு ஒரு தடவை" எங்க பொருந்துது?

அதே தண்ணியை மண் எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்குதுங்கிறது துகளோட அளவைப் பொறுத்தது. நர்சரியில பாதி செடி முழு கோகோபீட்லதான் வருது. லாரியில ஏத்த லேசா இருக்கும், அவங்க பக்கம் அது நியாயம்தான். ஆனா கோகோபீட் தண்ணியை ரொம்ப நேரம் பிடிச்சு வைக்கும். முழுசாக் காய்ஞ்சுட்டா அதுக்கு நேர்மாறு: ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு ஓடிடும், நடுவுல வேர் உலர்ந்தே கிடக்கும். சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல அதுலயே விட்டு வைக்காதீங்க.

அப்புறம் அந்தக் கூழாங்கல் விவகாரம். தொட்டி அடியில ஒரு லேயர் கல் போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்றாங்க. வடியாது. ஒரு பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சை நனைச்சு, படுக்க வச்ச மாதிரி கையில பிடிங்க. சொட்டுறது நின்னதும் அதையே செங்குத்தா நிமிர்த்துங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி சொட்டும், அப்புறமும் கீழ் ஓரம் ஈரமாவே இருக்கும். மண்ணும் அப்படித்தான். எந்தத் தொட்டியிலயும் அடியில ஒரு அளவுக்கு ஈர லேயர் தங்கும், அதோட உயரத்தைத் தீர்மானிக்கிறது மண்ணோட நயம். நயமான மண்ணுக்கு அடியில பெரிய கல் போட்டா, மேல இருக்கிற மண் முழுசா ஊறுற வரைக்கும் தண்ணி கல்லுக்குள்ள இறங்காது. அந்த ஈர லேயர் இன்னும் மேல, வேருக்குப் பக்கத்துல ஏறிடுது. அதே காரணத்தால ஆழமில்லாத தட்டுத் தொட்டியில நயமான மண் போட்டா, பாதி உயரம் ஈர லேயராவே இருக்கும். இன்ஸ்டாகிராம்ல அழகா இருக்கிற அந்த கிண்ணத் தோட்டம் எல்லாம் இதுல வந்துடும். ஓட்டையே இல்லாத கப், மூடி போட்ட கண்ணாடி ஜாடி பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல. வேணும்னா பாசியும் பெரணியும் வைங்க, அதுங்களுக்கு மூடின ஜாடி பிடிக்கும்.

கல்லை அடியில போடாம மண்ணோடயே கலக்கணும். மொத்தத்துல முக்கால் பங்கு அரிசிக்கும் கொண்டைக்கடலைக்கும் நடுவுல இருக்கிற அளவுத் துகளா இருக்கட்டும். பியூமிஸ், பெர்லைட் கிடைச்சா நல்லது, இல்லன்னா செங்கல்லை உடைச்சு சலிச்சுக்கோங்க, பக்கத்துல கட்டட வேலை நடக்காத தெரு சென்னையில எங்க இருக்கு? தூள் போகணும், அதுதான் முக்கியம். எம்-சாண்டை அப்படியே போடாதீங்க, அதுல இருக்கிற மாவு மாதிரித் தூள் சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிடும். மிச்சக் கால் பங்கு செம்மண்ணும் கொஞ்சம் மக்கின உரமும். தொட்டி மண் தொட்டி. மண் தொட்டி பக்கவாட்டுலயும் ஈரத்தை வெளிய விடும்.

தண்ணியைப் பத்தி ஒரு சின்ன விஷயம். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய தள்ளுற தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு முழுக்க அதுலதான் இருக்கு. ஏசில இருந்து சொட்டுற தண்ணியை வேணா பிடிச்சு வைங்க. அது காத்துல இருந்த ஈரம்தான், உப்பு கிட்டத்தட்ட இருக்காது. போர் தண்ணி மட்டும்தான் இருக்குன்னா, தொட்டி விளிம்புல வெள்ளையாப் படியும்போது வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணை மாத்திடுங்க.

வெளிச்சத்துக்கு வர்றேன். இதுல எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற ஒரு விஷயம் இருக்கு. எல்லா ஆங்கில வழிகாட்டியிலயும் "தெற்கு பார்த்த ஜன்னல்ல வைங்க"ன்னு இருக்கும். அது லண்டன்ல, நியூயார்க்ல சரி. அங்க சூரியன் எப்பவுமே தெற்குப் பக்கமாத்தான் போகும். சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியில ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவுல ஒரு தடவை மதியச் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வரும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல மதியச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். அதாவது மே, ஜூன்ல தெற்கு பால்கனிக்கு நேர் வெயில் கிட்டத்தட்ட கிடையாது, வடக்கு பால்கனிக்குத்தான் கொஞ்சம் வரும். டிசம்பர்ல அப்படியே தலைகீழ், தெற்கு பால்கனி ஜொலிக்கும். வழிகாட்டியை நம்பித் தெற்குல வச்சுட்டு, ஜூன்ல செடி ஏன் நெட்டையா, வெளிறிப் போய் வளருதுன்னு குழம்புறவங்க நிறைய பேர். பில்டர் கொடுத்த ஃப்ளோர் பிளான்ல வடக்கு அம்புக்குறி இருக்கும், எடுத்துப் பாருங்க. கிழக்கு பால்கனி இருந்தா அதிர்ஷ்டசாலி, காலை வெயில் மூணு மணி நேரம் கிடைச்சு மதியம் நிழல். மேற்குன்னா ஏப்ரல், மே மாசத்துல ஒரு நிழல் வலை கட்டுங்க.

ரூமுக்குள்ள எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு நம்ம கண்ணை நம்ப முடியாது, கண்ணு தன்னையே அட்ஜஸ்ட் பண்ணிக்கும். ஃபோன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் பாருங்க, துல்லியம் இல்லன்னாலும் ஐடியா கிடைக்கும். வெளிய மதிய வெயில் 1 லட்சம் லக்ஸ் பக்கம். ஆபீஸ் மேசை 300-ல இருந்து 500. நூறு மடங்குக்கு மேல வித்தியாசம், நம்ம கண்ணுக்கு "கொஞ்சம் மங்கல்"னு மட்டும்தான் தெரியுது. ஆபீஸ் மேசைச் செடி செத்துப் போறது பட்டினியால. வெளிச்சம் கம்மியா இருக்கிற இடத்துல தண்ணிச் செலவும் கம்மி, மண்ணும் காயாது. ரெண்டும் சேர்ந்து அடிக்கும். ஆனா ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டுப் போய் நேரா மொட்டை மாடியில வச்சுடாதீங்க. வெயில்ல சுட்ட தழும்பு இலையில இருந்து போகவே போகாது. ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க.

எந்தச் செடி வாங்குறதுன்னு கேட்டா, எனக்கு ஒரு கடுமையான கருத்து இருக்கு. சென்னையில எச்சிவேரியா வாங்காதீங்க. ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா, நீலம் பூத்த இலையோட, டெலிவரி ஆப்ல முதல் பக்கத்துல வருமே, அதுதான். அதோட சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோ மலைப் பகுதி. மெக்சிகோ சிட்டியோட உயரம் கிட்டத்தட்ட 2240 மீட்டர். நம்ம ஊட்டியும் கிட்டத்தட்ட அதே 2240. அந்தச் செடி ஊட்டியில சந்தோஷமா இருக்கும், பெங்களூர்ல ஓகே. சென்னை மே மாச ராத்திரி பெரும்பாலும் 27, 28 டிகிரி பக்கமே இருக்கும். முன்னாடி சொன்னேன் இல்லையா, இதுங்க ராத்திரிதான் கதவைத் திறக்கும்னு. ராத்திரியும் வெக்கையா இருந்தா உள்ள எடுக்கிறது குறையும், சேர்த்ததை மூச்சு விட்டே செலவு பண்ணும். வளர்ச்சி நின்னுடும். அந்த நேரத்துல சூடான ஈர மண்ணும் சேர்ந்தா முடிஞ்சது. காலிம்போங் மாதிரி மலை ஊர் நர்சரியில சுகமா வளர்ந்த செடியை ஒரு பெட்டியில போட்டு வேளச்சேரிக்கு அனுப்புறாங்க. நீங்க எல்லாமே சரியாப் பண்ணாலும் அது ஒரு வெயில்காலத்தைத் தாண்டுறது கஷ்டம்.

நம்ம ஊருக்கு மருள் இருக்கு, ஸ்நேக் பிளாண்ட்னு விக்கிறாங்களே அந்த ஜாதி. வெளிச்சம் கம்மியான மூலையிலயும் தாக்குப் பிடிக்கும். அந்த இனத்துல ஒண்ணு நம்ம நாட்டுச் செடியே, அதோட நாரை முறுக்கி வில்லுக்கு நாண் கட்டியிருக்காங்க. வெயில் அடிக்கிற மாடி இருந்தா அடீனியம், சென்னை வெயில்ல அது ராஜா. ரூம் ஜன்னலோரம் ஹவொர்த்தியா. ஜேட்னு கேட்டா நம்ம ஊர் நர்சரியில பெரும்பாலும் கொடுக்கிறது போர்ச்சுலகேரியா, குட்டி இலையோட இருக்கும். உண்மையான ஜேட் இல்ல, ஆனா வெக்கையை ஜேட்டை விட நல்லாத் தாங்கும், அதனால புகார் சொல்ல மாட்டேன். செலவே வேண்டாம்னா பிரண்டை. துவையலும் ஆச்சு.

தலையில சிவப்பு, மஞ்சள் பந்து வச்ச கள்ளி வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்தப் பந்துல பச்சையமே இல்ல, தானா சமைக்க முடியாது. கீழ இருக்கிற பச்சைத் தண்டு வேற செடி, ஒட்டுப் போட்டது. மேல இருக்கிறது அதோட சாப்பாட்டுல வாழுது. ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடினா பெரிய விஷயம். அது செத்தா உங்க மேல தப்பில்ல. கள்ளி மேல பிளாஸ்டிக் மாதிரி மொறுமொறுன்னு பூ இருந்தா அது பசை போட்டு ஒட்டினது.

ராத்திரி ஆக்சிஜன் கொடுக்கும், பெட்ரூம்ல வைங்கன்னு மருளைப் பத்தி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது. ராத்திரி அது கார்பன் டை ஆக்சைடை உள்ள எடுக்குது, அது வரைக்கும் உண்மை. ஆக்சிஜன் வர்றது தண்ணியைப் பிளக்கும்போது, அதுக்கு வெளிச்சம் வேணும், அது பகல் வேலை. நாசா ஆய்வுன்னு சொல்றாங்களே, 1989-ல வந்தது, அது சின்னச் சின்ன மூடின பெட்டிக்குள்ள பண்ணது. உங்க பெட்ரூம் மூடின பெட்டி இல்ல. பார்க்க நல்லா இருக்குன்னு வைங்க, அந்தக் காரணமே போதும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சீரியஸ். தென்னாப்பிரிக்காவுல சக்குலண்ட் கரூன்னு ஒரு வறண்ட நிலம். இந்த வகைச் செடிங்க அவ்வளவு வெரைட்டியா வேற எங்கயும் இல்ல. அங்க கோனோஃபைட்டம்னு பட்டன் சைஸ்ல ஒரு செடி, பாறை இடுக்குல வளரும். சிலது ஒரே ஒரு குன்றுல மட்டும் இருக்கும். சோஷியல் மீடியாவுல அது ஃபேஷன் ஆனதும் 2019 வாக்குல இருந்து திருட்டு எகிறிடுச்சு. இதுவரைக்கும் லட்சக்கணக்கான செடிகளைப் பிடிச்சிருக்காங்க, சில வகை அழியுற நிலைமைக்கு வந்துடுச்சு. ஆன்லைன்ல யாராவது இதை விக்கிறாங்கன்னா, விதையில இருந்து வளர்த்ததான்னு கேளுங்க. ஒரே அளவுல, தழும்பில்லாம, வரிசையா இருந்தா நர்சரிச் செடியா இருக்க வாய்ப்பு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சைஸ்ல, வெயில் பட்ட கீறலோட, வேர் பிய்ஞ்சு இருந்தா விட்டுடுங்க.

பூச்சியைப் பத்தி நாலு பேர் கேட்டிருந்தீங்க. இலை இடுக்குல பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. மருந்துக்கடையில சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையுற பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணாத் துடைங்க, வாரம் ஒரு தடவை, மூணு வாரம். சாயங்காலம் பண்ணுங்க, வெயில்ல பண்ணாதீங்க. வேப்பெண்ணெய் அடிக்கலாம், ஆனா இலை மேல சாம்பல் பூத்த மாதிரி பொடி இருக்கிற வகைன்னா அந்தப் பொடி போயிடும், திரும்ப வராது. எறும்பு வரிசை தொட்டிக்குப் போகுதுன்னா மண்ணுக்குள்ளயும் தேடுங்க, வேர்லயும் இதே பூச்சி உக்காரும். பூனை, நாய் வளர்க்கிறவங்க ரணகள்ளி வகையையும் ஜேட்டையும் எட்டாத இடத்துல வைங்க. பால் வடியுற கள்ளியை வெட்டினா அந்தக் கையோட கண்ணைத் தொடாதீங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போயிடும்.

அக்டோபர் நடுவுல மழை ஆரம்பிக்கும். அதுக்குள்ள தொட்டி எல்லாத்தையும் சாரல் அடிக்காத சுவர் ஓரமா நகர்த்திடுங்க. ரூமுக்குள்ள வச்சா ஃபேன் காத்து படுற இடமாப் பாருங்க, தண்ணியை மறந்துடுங்க, ஈர்க்குச்சியை மட்டும் மறக்காதீங்க. உங்க பால்கனி எந்தத் திசை, தொட்டி எத்தனை நாள்ல காயுதுன்னு ஒரு மாசம் குறிச்சு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அம்பத்தூருக்கும் அடையாறுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பார்க்க எனக்கு ஆசை. ஸ்ப்ரெட்ஷீட்ல புதுசா ஒரு டேப் திறந்து வச்சிருக்கேன்.